ஒரே மூட்டையா, தனித்தனியா? நெருக்கடிக் காலச் செலவுச் சட்டங்களில் நாம் எதைக் கேட்பது

பொருளாதாரம் படுத்துவிட்ட காலத்தில் அரசு பெருந்தொகை ஒதுக்க முன்வரும்போது, அதற்கான சட்டத்தை இரவோடிரவாக நிறைவேற்றுவதா, மசோதாக்களை ஆராயும் நாடாளுமன்ற நிலைக்குழுவுக்கு அனுப்பி வரிவரியாகப் படித்த பிறகு நிறைவேற்றுவதா என்ற வாதம் உடனே எழுந்துவிடுகிறது. குமரி மாவட்டத்தில் வணிகர் சங்கமோ மீனவர் அமைப்போ மக்களவை உறுப்பினரிடம் கொடுக்கும் மனுவைப் பார்த்தால், "உடனடியாக நிவாரணம் வேண்டும்" என்று ஒரு பத்தி இருக்கும். "மக்களிடம் கேட்காமல் அவசரச் சட்டம் கொண்டுவரக் கூடாது" என்று அதற்கடுத்த பத்தி இருக்கும். இரண்டும் நியாயமான கோரிக்கைகள்தான் என்றாலும், எதற்கு வேகம், எதற்கு நிதானம் என்று பிரித்துச் சொல்லாதவரை ஒன்று மற்றொன்றை வெட்டிவிடும். மனுவில் எந்த வழியைக் கேட்பது என்று முடிவு செய்ய வேண்டியவர்களுக்காக, கண்ணெதிரே இருக்கும் மூன்று வழிகளை ஒப்பிட்டுப் பார்க்கிறேன்: எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ஒரே மூச்சில் நிறைவேற்றுவது, எதையும் குழுவின் ஆய்வுக்குப் பிறகே நிறைவேற்றுவது, சட்டத்தை நல்ல காலத்திலேயே நிதானமாக எழுதி வைத்துவிட்டு, கெட்ட காலம் வந்ததும் பணம் மட்டும் தானாகப் பாயும்படி செய்வது.

முதலில் கட்சி வாதத்தை ஒதுக்கி வைக்க வேண்டும். "படிக்கக்கூட நேரம் தரவில்லை" என்ற குற்றச்சாட்டு எந்தக் கட்சிக்கும் சொந்தமில்லை. எதிர்க்கட்சி வரிசையில் யார் உட்கார்ந்திருக்கிறார்களோ அவர்களுக்கே சொந்தம். அமெரிக்காவில் 2009 பிப்ரவரியில் ஒபாமா அரசு கொண்டுவந்த 78,700 கோடி டாலர் பொருளாதார மீட்புச் சட்டம் இதற்கு நல்ல சான்று. ஆயிரம் பக்கத்தைத் தாண்டிய அந்தச் சட்டத்தை 48 மணி நேரம் பொதுமக்கள் பார்வைக்கு வைத்த பிறகே வாக்கெடுப்பு நடக்க வேண்டும் என்று சில நாட்களுக்கு முன்புதான் கீழவை ஒருமனதாகச் சொல்லியிருந்தது. ஆனால் இறுதி வடிவம் வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் இரவில்தான் வெளியானது. பிப்ரவரி 13 அன்று கீழவையில் 246க்கு 183 என்ற கணக்கில் நிறைவேறியபோது குடியரசுக் கட்சியினர் ஒருவர்கூட ஆதரிக்கவில்லை. செனட் சபையில் அந்தக் கட்சியின் மூன்று பேர் மட்டும் சேர்ந்ததால் 60க்கு 38 என்று தேறியது. யாரும் படிக்காத சட்டம் என்று அன்று முழங்கிய அதே கட்சி, 2017 டிசம்பரில் வரிக்குறைப்புச் சட்டத்தைச் செனட்டில் நிறைவேற்றியபோது, பக்க ஓரங்களில் கையால் எழுதிய திருத்தங்களோடு அது வந்தது. இம்முறை அந்தத் தாள்களைத் தூக்கிக் காட்டி முறையிட்டவர்கள் ஜனநாயகக் கட்சியினர். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோதோ, 2.2 லட்சம் கோடி டாலர் தொகுப்பை இரு கட்சியினரும் சேர்ந்து செனட்டில் 96க்கு 0 என்று சில நாட்களில் நிறைவேற்றிவிட்டார்கள். இழப்பு எல்லோர் தொகுதியிலும் இருந்தால் அவசரம் யாருக்கும் குற்றமாகத் தெரிவதில்லை.

நம் ஊரிலும் கதை வேறல்ல. 2020 ஏப்ரலில் அ.தி.மு.க. அரசு அரிசி குடும்ப அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தபோது, 5,000 ரூபாய் தர வேண்டும் என்று தி.மு.க. கேட்டது, 2021இல் ஆட்சிக்கு வந்ததும் இரண்டு தவணையாக 4,000 ரூபாய் கொடுத்தது. 2021 பொங்கலுக்கு அ.தி.மு.க. ஆட்சியில் 2,500 ரூபாய் கிடைத்தது. 2025 பொங்கலுக்கு தி.மு.க. ஆட்சியில் ரொக்கம் இல்லை என்றதும் கேள்வி கேட்கும் முறை அ.தி.மு.க.வுக்கு வந்தது. 2020இல் மத்திய அரசு கொண்டுவந்த வேளாண் சட்டங்களின் அவசரத்தைக் கடுமையாகச் சாடிய தி.மு.க.வே, 2023 ஏப்ரல் 21 அன்று 12 மணி நேர வேலைக்கு இடம் தரும் தொழிற்சாலைகள் சட்டத் திருத்தத்தைப் பேரவையில் குரல் வாக்கெடுப்பில் நிறைவேற்றியது. கூட்டணிக் கட்சிகளே வெளிநடப்புச் செய்தன. மூன்று நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டு, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டது. காங்கிரசும் பா.ஜ.க.வும் நேருக்கு நேர் மோதும் குமரியில், "உங்கள் ஆட்சியில் மட்டும் என்ன நடந்தது?" என்ற எதிர்க்கேள்வி எப்போதும் கைவசம் இருக்கும். அந்தக் கேள்வியால் விவாதம் சூடு பிடிக்குமே தவிர மனு எழுத உதவாது.

ஒரே மூட்டை வழிக்கு இருக்கும் வலிமையை மறுக்க முடியாது. வேலை போன குடும்பத்துக்கு மூன்று மாதம் கழித்து வரும் பணம் வட்டிக்கடனை அடைக்கத்தான் உதவும். அன்றே வந்தால் அடுப்பு எரியும். 2008 செப்டம்பர் 29 அன்று 70,000 கோடி டாலர் வங்கி மீட்புச் சட்டத்தை அமெரிக்கக் கீழவை தோற்கடித்தபோது, நியூயார்க் பங்குச்சந்தையின் டோ குறியீடு ஒரே நாளில் 777 புள்ளிகள் சரிந்தது. நான்கு நாளில் அதே அவை அதை நிறைவேற்றியது. நிதானத்துக்கும் விலை உண்டு என்பதை அங்கே எல்லோரும் பார்த்தார்கள்.

சிக்கல் மூட்டைக்குள் வேறென்ன சேர்ந்து வருகிறது என்பதில் இருக்கிறது. 2009 சட்டத்திலேயே ஒரு வரி அப்படி வந்தது. அரசுப் பணத்தில் மீட்கப்பட்ட நிறுவனங்களின் அதிகாரிகளுக்குக் கொழுத்த ஊக்கத்தொகை கூடாது என்று ஒரு பிரிவு இருந்தது. ஆனால் 2009 பிப்ரவரி 11க்கு முன் போட்ட ஒப்பந்தங்களுக்கு அது பொருந்தாது என்ற விலக்கும் கடைசி நேரத்தில் அதனுள் சேர்ந்திருந்தது. அடுத்த மாதமே, அரசு தூக்கி நிறுத்திய ஏ.ஐ.ஜி. காப்பீட்டு நிறுவனம் சுமார் 16.5 கோடி டாலரை ஊக்கத்தொகையாகக் கொடுத்த செய்தி வெளிவந்தது. ஊரே கொந்தளித்ததும், அந்தத் தொகைக்கு 90 சதவீத வரி விதிக்கும் மசோதாவை ஒரு வாரத்துக்குள் 328க்கு 93 என்ற கணக்கில் கீழவை நிறைவேற்றியது. செனட் அதைக் கிடப்பில் போட்டது. ஓர் அவசரத்தைச் சரிசெய்ய இன்னோர் அவசரம் தேவைப்பட்டது, அதுவும் பலிக்கவில்லை.

நமக்கு இதைவிடப் பெரிய பாடம் 2020 மே மாதத்தில் இருக்கிறது. பிரதமர் அறிவித்த 20 லட்சம் கோடி ரூபாய்த் தொகுப்பை நிதியமைச்சர் மே 13 முதல் 17 வரை ஐந்து நாட்கள் விளக்கினார். முழுக்கணக்கு 20,97,053 கோடி ரூபாய். அதில் ரிசர்வ் வங்கியின் நடவடிக்கைகள் மட்டுமே 8 லட்சம் கோடிக்கு மேல். மே 15 அன்று வந்த மூன்றாவது பகுதியில், வேளாண் உள்கட்டமைப்புக்கான ஒரு லட்சம் கோடி ரூபாயோடு, அத்தியாவசியப் பொருட்கள் சட்டத்தைத் திருத்துவது, விளைபொருள் விற்பனையைத் திறந்துவிடுவது ஆகிய அறிவிப்புகளும் இருந்தன. நிவாரணம் கேட்ட நாட்டுக்கு நிரந்தரச் சட்டமும் சேர்ந்து வந்தது. ஜூன் 5இல் அவசரச் சட்டங்களாகி, செப்டம்பர் 17இல் மக்களவையிலும் 20இல் மாநிலங்களவையிலும் இரண்டு வேளாண் விற்பனை மசோதாக்கள் நிறைவேறின. மாநிலங்களவையில் வாக்குகளை எண்ணிப் பதிவு செய்யும் வாக்குப்பிரிவு கேட்ட உறுப்பினர்களின் கூச்சலுக்கிடையே குரல் வாக்கெடுப்பில் முடிந்தது. நிலைக்குழுவும் இல்லை, தெரிவுக்குழுவும் இல்லை. அதன் பிறகு ஓராண்டுக்கு மேல் டெல்லி எல்லையில் விவசாயிகள் உட்கார்ந்தார்கள். 2021 ஜனவரி 12இல் உச்ச நீதிமன்றம் சட்டங்களை நிறுத்தி வைத்தது. நவம்பர் 29இல் நாடாளுமன்றம் அவற்றை ரத்து செய்தது. ரத்து மசோதாவும் விவாதம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லாமலே, ஒரே நாளில் இரு அவைகளையும் கடந்தது. அந்தச் சட்டங்கள் நல்லவையா கெட்டவையா என்பதில் ஏத்தவாழை விவசாயிக்கும் தோவாளைப் பூ வியாபாரிக்கும் வெவ்வேறு கருத்து இருக்கலாம். அந்தக் கருத்தைக் கேட்க ஓர் இடமே இல்லாமல் போயிற்று என்பதுதான் இங்கே பேச்சு.

குமரியைப் பொறுத்தவரை அந்த இடம் உண்மையாகவே காலியாக இருந்தது. நம் மக்களவை உறுப்பினர் எச்.வசந்தகுமார் 2020 ஆகஸ்ட் 28இல் கொரோனாவுக்குப் பலியானார். இடைத்தேர்தல் 2021 ஏப்ரலில்தான் நடந்தது. ஆக, செப்டம்பர் 17 அன்று மக்களவையில் கன்னியாகுமரித் தொகுதியின் நாற்காலியில் யாரும் இல்லை. மசோதா நிலைக்குழுவுக்குப் போயிருந்தால், உறுப்பினர் இல்லாத தொகுதியின் விவசாயியும் வணிகரும் எழுத்து மூலமாகத் தங்கள் கருத்தை அனுப்பியிருக்க முடியும். குழுவின் பயனை இதைவிட நேராக எனக்கு வேறெதுவும் உணர்த்தியதில்லை.

இரண்டாவது வழிக்கு நான் அறிந்த சிறந்த சான்று நூறு நாள் வேலைச் சட்டம். 2004 டிசம்பரில் மசோதா அறிமுகமாகி, ஊரக வளர்ச்சி நிலைக்குழுவுக்குப் போனது. குழுவின் தலைவர் அன்றைய எதிர்க்கட்சியான பா.ஜ.க.வின் கல்யாண் சிங். வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள குடும்பங்களுக்கு மட்டும் என்றிருந்த வரையறையை நீக்கி, கிராமப்புறத்தின் எந்தக் குடும்பமும் வேலை கேட்கலாம் என்று ஆக்கச் சொன்னது அந்தக் குழு. 2005 ஆகஸ்டில் நிறைவேறிய சட்டத்தில் அது இடம்பெற்றது. ஆளும் கட்சியின் மசோதாவை எதிர்க்கட்சிக்காரர் தலைமையிலான குழு வலுப்படுத்திக் கொடுத்தது என்று இன்று சொன்னால் நம்புகிறவர்கள் குறைவு. 15ஆவது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போன நிலை மாறி, 17ஆவது மக்களவையில் அது 16 சதவீதமாகிவிட்டது. இருந்தாலும், எட்டு மாதம் என்பது ஊரடங்கு போட்ட மறுவாரம் அரிசி இல்லாத வீட்டுக்குப் பதிலாகாது. ஆகவே இரண்டாவது வழியை நெருக்கடிக்கு நடுவே கேட்பதில் பொருளில்லை.

மூன்றாவது வழி இங்கேதான் பிறக்கிறது. எனக்கு உடன்பாடும் இதுவே. 2005இல் நிதானமாக எழுதிய அந்தச் சட்டம், 2020இல் அவசரத்துக்கு உதவியது. தொகுப்பில் அதற்காகக் கூடுதலாக 40,000 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டபோது புதுச் சட்டம் எதுவும் தேவைப்படவில்லை. வேலை அட்டையும் ஊராட்சியும் வங்கிக் கணக்கும் ஏற்கெனவே இருந்தன. அந்த நிதியாண்டில் நாடு முழுவதும் சுமார் 389 கோடி மனித வேலை நாட்கள் பதிவாயின. ரப்பர் தோட்டங்களில் மழைக்காலத்தில் பால்வெட்டு நின்றுபோகும்போது, அந்தத் தொழிலாளிகளின் வீட்டுப் பெண்கள் குளக்கரையிலும் சானல் எனப்படும் பாசனக் கால்வாய் ஓரத்திலும் மண்வெட்டியோடு நிற்பதைக் கல்குளம், விளவங்கோடு வட்டங்களில் பார்த்தவர்களுக்கு இது புள்ளிவிவரமாகத் தோன்றாது. பணித்தளப் பொறுப்பாளர் இன்று வருகைப் பதிவுக்குக் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்து, சிக்னல் தேடி ரப்பர் மரங்களுக்கிடையே நடப்பதும் சேர்ந்த காட்சிதான். குறை இல்லாத திட்டம் என்று நான் சொல்லவில்லை. கேட்டவருக்கு வேலை என்ற வாக்குறுதி முன்பே எழுதப்பட்டிருந்தது என்பதே அதன் பலம்.

அந்த வாக்குறுதியே 2025 டிசம்பரில் மாறியது. நூறு நாள் வேலைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த விபி-ஜி ராம் ஜி என்ற புதிய ஊரக வேலை மசோதா டிசம்பர் 16இல் அறிமுகமாகி, 18இல் மக்களவையிலும் அன்றிரவு நள்ளிரவு கடந்து மாநிலங்களவையிலும் நிறைவேறியது. குழுவுக்கு அனுப்பும்படி எதிர்க்கட்சிகள் கேட்டது ஏற்கப்படவில்லை. நாட்கள் 100இலிருந்து 125ஆக உயர்ந்தன என்று ஆளும் தரப்பு சொல்வது உண்மை. ஆனால் மாநிலத்துக்கு இவ்வளவுதான் என்று மத்திய அரசு முன்கூட்டியே வகுக்கும் ஒதுக்கீடும், தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் 40 சதவீதம் ஏற்க வேண்டும் என்ற பங்கும், வரம்பைத் தாண்டினால் மிச்சச் செலவு மாநிலத்தின் தலையில் என்ற விதியும் சேர்ந்தே வந்தன. அடுத்த நெருக்கடி வரும்போது கேட்பவர் எண்ணிக்கை கூடும், மாநிலத்தின் வரி வரவு குறையும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். அந்தக் கணக்கை ஒரு குழு உட்கார்ந்து பார்த்திருக்க வேண்டாமா? இந்த மாற்றத்தில் அவசரப்பட வேண்டிய நெருக்கடி எதுவும் அந்த டிசம்பரில் இல்லை.

பணம் எந்த வடிவில் வருகிறது என்பதையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும். 2019 செப்டம்பர் 20 அன்று அவசரச் சட்டம் மூலம் நிறுவன வரி 30 சதவீதத்திலிருந்து 22ஆகக் குறைக்கப்பட்டது, ஆண்டுக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று அரசே கணக்கிட்டது. மார்த்தாண்டத்தில் கடை வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் தனியுரிமையாகவோ கூட்டாளிகளாகவோ தொழில் செய்பவர்கள். பதிவு பெற்ற கம்பெனிகளுக்கான அந்தச் சலுகை அவர்கள் வாசலுக்கு வரவே வழியில்லை. 2020 தொகுப்பின் 3 லட்சம் கோடி ரூபாய்க் கடன் உத்தரவாதமும், பிப்ரவரி 29 அன்று வங்கியில் நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதத்தைக் கூடுதலாகத் தருவதாகவே தொடங்கியது. ஏற்கெனவே கடன் வாங்கிய முந்திரி ஆலை முதலாளிக்கு அது உதவியது. கருங்கல் பக்கம் முந்திரி உடைத்துக் கூலி வாங்கும் பெண்ணுக்கு வங்கிக் கடனே இல்லை, ஆகவே கூடுதலும் இல்லை. மீன்வளத்துக்கு என்று அறிவித்த 20,000 கோடி ரூபாய் ஐந்தாண்டுக்கான திட்டம். நல்ல திட்டமாக இருக்கலாம், அந்த ஆண்டின் அவசரத்துக்கு மருந்தல்ல. சாலை போட்டால் வேலை கிடைக்கும் என்ற வாதத்துக்குக் காவல்கிணறு முதல் கேரள எல்லை வரையிலான நான்கு வழிச்சாலையே பதில்: நிரப்ப மண் கிடைக்காமலும், குளங்களின் ஊடே தடம் போவதால் எழுந்த ஆட்சேபங்களாலும் ஆண்டுக்கணக்கில் தேங்கி நின்ற அந்தப் பணியை, எந்த நிதியமைச்சர் பணம் கொடுத்தும் ஆறு மாதத்தில் முடித்திருக்க முடியாது. மண்வெட்டி எடுத்தால் போதும் என்று தயாராக இருக்கும் பணி என்று ஒன்று இல்லவே இல்லை என ஒபாமாவே 2010இல் ஒப்புக்கொண்டார்.

மீனவர்களுக்கு மூன்றாவது வழி புதிதல்ல. இந்த ஒரே மாவட்டத்தில் இரண்டு கடல்களின் தடைக்காலமும் உண்டு: சின்னமுட்டத்து விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, குளச்சல், தேங்காப்பட்டணம் படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதற்கான நிவாரணம் ஆண்டுதோறும் யாரும் புதுச் சட்டம் போடாமல், நாடாளுமன்றத்தில் யாரும் தாளைக் கிழிக்காமல் கொடுக்கப்படுகிறது. தொகை போதாது என்ற புகார் நியாயமானது. ஆனால் புகார் தொகையைப் பற்றியது, உரிமையைப் பற்றியது அல்ல. விதி முன்பே இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயல் காட்டியது. கடலில் காணாமல் போனவரை இறந்தவராகக் கருத அன்றைய சாட்சியச் சட்டத்தின் 108ஆவது பிரிவுப்படி ஏழாண்டு கடக்க வேண்டும். இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் என்று அறிவித்த பிறகும், உடல் கிடைக்காத குடும்பங்களுக்காக விதியைத் தளர்த்தித்தான் உதவி வழங்க வேண்டியிருந்தது. துயரத்துக்கு நடுவே அலுவலக வாசலில் நின்று கேட்டுப் பெற வேண்டிய தளர்வு அது. அமைதியான ஓர் ஆண்டில் அரைப் பக்கத்தில் எழுதி வைத்திருக்கக்கூடியது.

எதிர்வாதம் ஒன்று உண்டு, அது வலுவானது: தானாகப் பாயும் பணத்தைத் தானாக நிறுத்தவும் தெரிய வேண்டும். 2008 டிசம்பரில் மன்மோகன் சிங் அரசு உற்பத்தி வரியை ஒரே அடியாக 4 சதவீதப் புள்ளி குறைத்தது. சலுகையைக் கொடுத்த வேகத்தில் திரும்ப எடுக்க அரசியல் இடம் கொடுக்கவில்லை, பற்றாக்குறையும் விலைவாசியும் பின்னர் சேர்ந்து கடித்தன. ஆகவே முன்கூட்டி எழுதும் விதியில், எந்த அளவுகோல் எட்டினால் பணம் தொடங்கும் என்பதோடு, எது நடந்தால் நிற்கும் என்பதும் இருந்தாக வேண்டும். இன்னொரு குறை, எல்லா நெருக்கடியையும் முன்கூட்டிக் கற்பனை செய்ய முடியாது. கொரோனாவை யாரும் விதியில் எழுதி வைத்திருக்கவில்லை.

அப்படிப்பட்ட எதிர்பாராத வேளைக்கு முதல் வழியைப் பயன்படுத்தலாம், இரண்டு கட்டுப்பாடுகளோடு. மூட்டைக்குள் பணமும் அது முடியும் தேதியும் மட்டும் இருக்க வேண்டும். ஆறு மாதமோ ஓராண்டோ கழிந்து தானாக உயிரிழக்காத எந்தப் பிரிவும் அதில் இருக்கக் கூடாது. நிலம், தொழிலாளர் நேரம், சந்தை, வரி அமைப்பு என்று நிலைத்து நிற்கும் எதுவும் தனி மசோதாவாகக் குழுவுக்குப் போக வேண்டும். 2020 தொகுப்பை இந்த அளவுகோலில் வைத்தால், 40,000 கோடி ரூபாய் வேலை நிதியும் இலவச அரிசியும் அன்றே தேறியிருக்கும், வேளாண் சட்டங்கள் குழுவில் காத்திருந்திருக்கும். ஒருவேளை திருத்தங்களோடு இன்று நடைமுறையிலும் இருந்திருக்கும். அந்தச் சட்டங்களை ஆதரித்தவர்களே இதை முதலில் யோசிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மனுவுக்கு வருவோம். "அவசரம் வேண்டாம்" என்ற பொதுவான பத்தியை நீக்கிவிட்டு, அதன் இடத்தில் குறிப்பான கோரிக்கைகளை எழுதலாம். அவற்றில் முதலாவதாக நான் வைப்பது கடல் சார்ந்தது. கள்ளக்கடல் எனப்படும் திடீர்க் கடல் சீற்றத்துக்கான எச்சரிக்கையாலும் புயல் எச்சரிக்கையாலும் கடலுக்குப் போகக் கூடாது என்று அரசே அறிவிக்கும் நாட்கள் ஓர் ஆண்டில் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தாண்டினால், தடைக்கால நிவாரணப் பட்டியலில் உள்ள அதே வங்கிக் கணக்குகளுக்கும், விசைப்படகுத் தடையில் வராத கட்டுமர, வள்ளத் தொழிலாளர்களின் கணக்குகளுக்கும், தனி அறிவிப்புக்குக் காத்திராமல் நாள் கணக்கில் தொகை செல்லும்படி விதி வேண்டும். எச்சரிக்கையை வெளியிடுவதும் அரசு, பட்டியலை வைத்திருப்பதும் அரசு. எத்தனை நாள், எவ்வளவு தொகை என்பதை இரண்டு கடற்கரை மீனவர்களும் சேர்ந்து பேசி முடிவு செய்து, மனுவில் அந்த இடத்தை நிரப்ப வேண்டும்.